ஏலக்காயை மஞ்சளாக் காட்டுன ஸ்கிரீனு

லேப்டாப்பு ஸ்கிரீனு மஞ்சளாப் போச்சு. அம்புட்டுத்தான். அதுல ஒரு மனுசன் பொழப்பையே கெடுத்துப்புட்டேன்.

தம்பி, காலை எடு. என் மூட்டு மடங்காது. ஆங்... அந்தப் பையில இருக்கறதும் லேப்டாப்பா? எந்தக் கம்பெனி? அட, மேல எழுதியிருக்கிற பேரைக் கேக்கலப்பா. உள்ள இருக்கிற ஸ்கிரீன் தகடு... பேனல்ங்கிறானுக. அதைச் செஞ்சவன் எவன்? தெரியாதா? ம்க்கும். தெரியாமத்தான் கைப்புள்ளை மாதிரி மடியில வச்சுக்கிட்டு ஜீப்புல ஏறியிருக்க.

புதன்கிழமை வரைக்கும் எனக்கும் தெரியாது. நானும் என் மச்சினன் ஜக்கையனும் ஒரே கடையில, ஒரே நாளு, ஒரே மாடலு வாங்குனோம். எதுக்குன்னு கேளு. கேக்கமாட்ட. நானே சொல்றேன். குரங்கணிக்கு மேல எனக்கு ஏலத்தோட்டம். பறிச்ச பச்சைக்காயை அன்னைக்கே சூடுகாட்டி உலர்த்தணும். அதுக்கு ஸ்டோர்னு ஒரு கட்டடம், உள்ள தட்டுத் தட்டா இருக்கும். மூட்டு போனதுல இருந்து நான் மலையேறுறது கம்மி. ஸ்டோருக்குள்ள கேமராவை மாட்டிட்டு, போடியில வீட்டுல உக்காந்து லேப்டாப்புல பாக்குறது. ஏலக்காய்க்கு நெறம்தான் விலை. பச்சையா இருந்தா யாவாரி அடிச்சுப்பிடிச்சு எடுப்பான். சூடு கூடி மஞ்சளாச்சு, கையால தொடமாட்டான்.

செவ்வாக்கிழமை காலையில பாக்குறேன்... தட்டு பூரா மஞ்சள்!

ஸ்டோரைப் பாக்குறது பொன்னுமணி. இருபத்திரெண்டு வருசமா அவன்தான். அந்தக் கேமராவுல பேச்சும் போகும். இங்கிட்டு கத்துனா அங்கிட்டு கேக்கும், அங்கிட்டுப் பேசுனா இங்கிட்டு. கத்துனேன். ‘கருக்கிப்புட்டியேடா! தூங்குறதுக்கா சம்பளம்? இனிமே தோட்டத்துப் பக்கம் வராத’ன்னுட்டேன். காயெடுக்கப் போற பொம்பளைக அம்புட்டுப் பேரும் கூடை வாங்க வாசல்லதான் நின்னிருக்காளுக. எனக்கென்ன தெரியும்? கேமரா தட்டைத்தானே காட்டும். ‘பச்சையாத்தானே இருக்கு மொதலாளி’ன்னான். எதுத்துப் பேசுறியான்னு இன்னும் நாலு வசவு விட்டேன். தீப்பெட்டியை அடுப்பு மேட்டுல வச்சானாம். எறங்கிப் போயிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் நானூறு கிலோ பச்சைக்காய் வரணும். இந்த வருசத்துல பெரிய எடுப்பே அதுதான். அடுப்புல தீயில்ல. தேவாரம் ஊரு வரைக்கும் போன் போட்டேன், ஒரு ஆளு சிக்கல.

டேய் சுருளி! பள்ளம் பாத்து ஓட்டுறா. நான் லோடு இல்ல.

என்ன சொன்னேன்? ஆங், பேனலு. மறுநாளு ஜக்கையன் அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்தான். அந்தச் செவ்வாக்கிழமைப் பதிவை ரெண்டுலயும் போட்டுப் பக்கத்துல பக்கத்துல வச்சோம். அவன்துல கிளிப்பச்சை. என்துல காமாலை. ‘மாமா, ஒங்களுக்கு மட்டமான கம்பெனி பேனலைத் தள்ளிவிட்டுட்டாங்க’ன்னு பல்லைக் காட்டுறான். விடுவேனா? ரெண்டையும் அள்ளிக்கிட்டுப் போனேன் ரிப்பேர் கடைக்கு. முத்துப்பிரியான்னு ஒரு புள்ளை. வெரசா கழட்டுனா. பாத்தா, பின்னால ஸ்டிக்கர்ல வேற வேற கம்பெனி! ‘பாத்தியா ஆத்தா, பாத்தியா’ன்னு குதிச்சேன். மூட்டு வலியே தெரியல.

அவ அசரல. ‘தாத்தா, ஒரே மாடலுக்கு ரெண்டு மூணு கம்பெனி பேனல் போடுறது வழக்கந்தான். நெறம் லேசா முன்னப்பின்ன இருக்கும். அதுக்காக இந்தக் கம்பெனி நல்லது, அது மட்டம்னு சொல்லமுடியாது. ஒருத்தரே ஒசத்தியும் செய்வாங்க, மட்டமும் செய்வாங்க. எந்தத் தரம்னுதான் பாக்கணும். ஒங்க தோட்டத்துக் காயெல்லாம் ஒரே பருமனாவா இருக்கு?’ங்கிறா. என்னையவே மடக்குறா! ஒரே செடியில எட்டு மில்லிமீட்டர் பருங்காயும் வரும், சொத்தையும் வரும்.

அப்புறம் என் பெட்டியில புதுசு ஒண்ணு மாட்டுனா. எந்தக் கம்பெனியத் திட்டிக்கிட்டுப் போனேனோ அதே கம்பெனி, அதே தரம். அந்தப் பதிவைப் போட்டா... பச்சைப் பசேல்னு நிக்குது.

கழட்டுன தகடை மூக்குக்கிட்ட கொண்டுபோனா. மோந்தா. ‘தாத்தா, இதுல எப்பிடி ஏலக்கா வாசம் அடிக்குது?’

என்ன சிரிக்கிற? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல.

சரி. ஆடி மழை. மேல மேகம் வீட்டுக்குள்ளயே வந்து படுத்துக்கும். கொண்டுபோன லேப்டாப்பு நனைஞ்சுபோச்சு. ஈரத்தை எடுக்க எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான்ப்பா. ஸ்டோர்ல மேல்தட்டுல, சூட்டுக்குழாய் ஓரமா, காயோட காயா விரிச்சு வச்சேன். காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும். நடுவுல ஒருதரம் பெரட்டியும் விட்டேன். ‘வேணாம் மொதலாளி’ன்னான் பொன்னுமணி. ‘நாப்பது வருசமா உலத்துறேன், எனக்கு நீ சொல்றியா?’ன்னேன். ஈரம் போயிருச்சு. அப்புறம் நாள்பட நாள்பட நெறமும் போயிருக்கு. நான்தான் பாக்கல.

கம்பெனிக்காரன் மேல பழி! பொன்னுமணி மேல பழி! அவிச்சது யாரு? இந்தா, இந்தக் கை.

அந்த நானூறு கிலோவா? அதைக் கேளு. செவ்வாக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைத் தெறக்குறேன், ஸ்டோருக்குள்ள எவனோ மஞ்சளா முதுகைக் காட்டிக்கிட்டுத் தட்டை இழுக்குறான். ‘எவன்டா திருட்டுப்பய’ன்னு கத்துனேன். திரும்பிப் பாக்காம பின்னுக்கு வந்தான், தோள்ல கெடந்த துண்டை எடுத்தான், கேமரா மேல போட்டான். முடிஞ்சுச்சு. மூணு நாளா எனக்குத் தெரியறதெல்லாம் துண்டுதான். முத்துப்பிரியா மாட்டுன புது ஸ்கிரீன்லயும் அதே துண்டுதான், நல்லாப் பளிச்சுன்னு.

நேத்து இந்தச் சுருளியை அனுப்பிப் பாக்கச் சொன்னேன். போனவன் ஒரு கை காய்ஞ்ச காயை அள்ளியாந்து என் மடியில போட்டான். கையை நீட்டு. ம். வெளிச்சத்துல பாரு. இதுக்கு எந்த ஊரு பேனலு வேணும்? பச்சை! அம்புட்டுக் காயும் இதே நெறமாம்.

மன்னிப்பா? நானா? சும்மா போறேன். காராச்சேவு அரைக்கிலோ இருக்கு, அவனுக்குப் பிடிக்கும். காலையில பொம்பளைக கூடை வாங்க வர்ற நேரம் வரைக்கும் மேலதான் இருப்பேன். வஞ்சது அவளுக முன்னாலதானே... சொல்றதையும் அவளுக முன்னாலதான் சொல்லணும். அப்புறம் அந்தக் கேமராவைக் கழட்டணும்.

என்ன, முந்தல்லயே எறங்குற? குரங்கணின்னுதானே ஏறுன? டீயா? மேல போயிக் குடிக்கலாம்ப்பா... பாரு, லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு ஓடுறதை! தம்பி... ஏ தம்பி! காயை உலத்துனது யாருன்னு கேக்காமயே போறியே! நான் வெரட்டுன ஆளுதான்ப்பா...

பொன்னுமணி!