தொட்டாற்சுருங்கித் தொட்டியில் நாலு வரி

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறேன். இன்று காலை பதினொன்றே காலுக்கு, என் சட்டையின் மூன்றாம் பொத்தான், நூலின் பிடி நழுவி, சாக்கடைக் கம்பிக்குள் விழுந்து மறைந்தது. இரண்டாம் பொத்தானும் நான்காம் பொத்தானும் உங்கள் அனுதாபத்தை வேண்டி நிற்கின்றன.

இந்தத் திருமண வரவேற்புக்குத் தலைமை தாங்கும் மாமா அவர்களே, முன்வரிசையை முழுதாய் முற்றுகையிட்ட மூத்தோரே, என்னைப் பெற்றதற்காக இன்றும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் என் தாயே, அவரைத் தேற்றும் தாய்மார்களே, மேடையில் வேர்த்து வீற்றிருக்கும் அண்ணனே, அருகில் அமர்ந்த அண்ணியே, வணக்கம்.

இந்தக் கல்யாணம் யாரால் நடந்தது? தரகராலா? தாய்மாமன்களாலா? ஒரு கவிதையால். அதை எழுதியது யார்? அடக்கம் என் தொண்டையை அடைக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அடியேன்.

"உக்காருடா" என்கிறது பின்னால் ஒரு குரல். நாற்காலி போட்டால் உட்காருவேன், சித்தப்பா.

அண்ணனுக்குச் செடி விற்கும் நர்சரியில் வேலை. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு வெள்ளை அட்டை செருகுவார்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில். அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சனிக்கிழமை தோறும் செடி பார்க்க வருவார்.

அந்தக் கண்ணாடிக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் ஈரம் முகத்தில் வந்து படியும். கூரையில் கோத்த துளி, விழலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசிக்கும். மாலை வெயில் பெரணி இலைகளுக்குள் பச்சையாய்க் கரையும். அண்ணியின் கண்ணாடியில் ஆவி படியும். கழற்றிவிட்டு நிற்பார். உலகமே மங்கிப்போன அந்த நிமிடத்தில் அண்ணன் ஒரு சுத்தமான துணியை நீட்டுவார். வாங்குவார். துடைப்பார். ஆறு மாதம், இருபத்தாறு சனிக்கிழமை, நடந்த காதல் இவ்வளவுதான். நெருக்கம் என்பது இதைவிட வேறு என்ன?

பிறகு ஒரு சனிக்கிழமை அண்ணி சொன்னார், திங்கட்கிழமை வேறு ஊருக்கு மாற்றல், இனி வர முடியாது என்று. ஒரு தொட்டாற்சுருங்கியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, மாலையில் வருவதாகப் போனார். அண்ணன் முகம் தண்ணீர் ஊற்றாத செடியாகிவிட்டது. அன்று அந்தத் தொட்டியில் செருகிய அட்டையைக் கேளுங்கள்:

ஜன்னல் ஓரம் வைக்கவும். வெளிச்சம் வரும் பக்கமே சாயும்.
தொட்டால் மூடிக்கொள்ளும். கோபமில்லை, கூச்சம்.
கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள்.
தானாகத் திறக்கும்.

கைதட்டலுக்கு நன்றி. நிலவு உண்டா இதில்? இல்லை. மானும் மீனும் உண்டா? இல்லவே இல்லை. ஒரு செடி. அந்தச் செடிக்குள் ஒரு மனிதன், வாய் திறக்கத் தெரியாமல். காதலியின் முகத்தை நிலவென்றால் நிலவுதான் தெரியும். இலையைப் பற்றி மட்டும் பேசினால் ஆளே தெரிந்துவிடுகிறான்.

அண்ணி ஏன் என்னையே பார்க்கிறார்? புருவம் வேறு ஏறுகிறது. சரி அண்ணி. சொல்லிவிடுகிறேன்.

அந்த அட்டையை அண்ணன் தன் கையால் எழுதி, தொட்டியில் செருகச் சொல்லி, அன்று நர்சரியில் உதவிக்கு வந்திருந்த என்னிடம் கொடுத்தார். படித்தேன். உரம் போடுகிற குறிப்பு மாதிரி இருந்தது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் சொந்தக் கவிதை நாற்பது வரியைச் சுருட்டிச் செருகினேன். நிலவு, தேன், மான், மீன், அன்னம், எல்லாம் உண்டு. அண்ணி வந்தார், படித்தார், மடித்து அண்ணன் கையில் கொடுத்தார். "இது வேற யாருக்கோ எழுதினது போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, செடியையும் எடுக்காமல் போய்விட்டார்.

அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. காலித் தொட்டிகளை அடுக்க ஆரம்பித்தார். அதுதான் தாங்கவில்லை.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் மூச்சுவாங்க அட்டையை நீட்டினேன். அண்ணி படித்தார். பேருந்து வந்தது, நின்றது, போனது. அவர் ஏறவில்லை. "யார் எழுதினது?" என்று கேட்டார்.

இந்த விழாவுக்கு வந்து வாழ்த்திய நெஞ்சங்களுக்கும், பொறுத்துக்கொண்ட செவிகளுக்கும் என் நன்றி, வணக்கம். அன்று நான் சொன்ன பதிலையும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

"நான்தான்" என்றேன். அண்ணி நம்பவில்லை.