புது பாட்டில்

நூர்பானு: சந்தனண்ணே! கதவத் தொறங்க... காலு வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நொரை தள்ளுது...

சந்தனம்: யாருட்டி அது, நூரா? வாரேன், இரு... யாருக்கு இழுக்குது?

நூர்பானு: துரைக்கு. இந்தா, கூடையில கெடக்கான்.

சந்தனம்: பூனைக்கா! சீ, நீ கத்துன கத்துல உங்கம்மாவுக்குத்தான்னு பதறிப்போயிட்டேன்.

நூர்பானு: அம்மா ஊர்ல இல்ல. மாட்டாஸ்பத்திரி ஆளு நீங்கதான, மொதல்ல இவனப் பாருங்க.

சந்தனம்: ஒயர்கூடைய அப்படியே தரையில வையி. தூக்காத. கழுத்தத் திருகிக்கிருவான். எப்ப இருந்து?

நூர்பானு: பத்து மணி இருக்கும். மொதல்ல குடிச்சவன் மாதிரி தள்ளாடுனான். செவுத்துல போயி முட்டுனான். நான்கூடச் சிரிச்சேன்ணே... சிரிச்சேன்...

சந்தனம்: அழுகாத. சர்க்கரை ஊசி எப்ப போட்ட?

நூர்பானு: காலையில ஆறரைக்கு.

சந்தனம்: கஞ்சி, மீனு ஏதாச்சும் தின்னானா?

நூர்பானு: மோந்து பாத்துட்டுப் போயிட்டான். பொறவு திம்பான்னு விட்டுட்டேன்.

சந்தனம்: திங்காதவனுக்கு ஊசி போடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்லட்டி? சர்க்கரை எறங்கிப்போச்சு. அந்தா அடுப்படியில சீனி டப்பா இருக்கு பாரு, எடுத்தா. கரண்டியில கொஞ்சம் தண்ணி விட்டுக் கொழ.

நூர்பானு: இம்புட்டுப் போதுமா?

சந்தனம்: இன்னும் கெட்டியா... ஏ, ஏ! வாயில ஊத்தாத! மூச்சுக்கொழாய்ல போச்சுன்னா சீனியே கொன்னுரும். வெரல்ல தொட்டு ஈறுல தேய். கடவாப்பக்கமா. பல்லுக்குள்ள வெரல விட்றாத.

நூர்பானு: ஈறு வெளுத்துக் கெடக்குண்ணே.

சந்தனம்: தேய்ச்சுக்கிட்டே இரு. நிறுத்தாத. பேசிக்கிட்டே தேய், பயம் தெரியாது. மொத மொத இவனுக்கு என்னமோ இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?

நூர்பானு: இப்பயா கேக்குறீங்க?

சந்தனம்: இப்பத்தான் கேக்குறேன். சொல்லு.

நூர்பானு: எறும்பு... இவன் ஒண்ணுக்குப் போற மண்ணுல எறும்பு மொச்சுச்சு. அண்டா அண்டாவா தண்ணி குடிச்சான். தின்னுக்கிட்டே இருந்தான், ஆனா முதுகெலும்பு துருத்திக்கிட்டுத் தெரிஞ்சுச்சு. நான் மண்ண எடுத்துட்டு தட்டுல வெறும் கூழாங்கல்லப் போட்டு வச்சேன். அடியில தேங்குனத எடுத்து, அம்மாவுக்குச் சர்க்கரை பாக்குற நீல மருந்துல எட்டு சொட்டு விட்டுக் காய்ச்சுனேன். செங்கல் கலரு வந்துச்சு, அம்புட்டுச் சர்க்கரை.

சந்தனம்: பூனை மூத்திரத்தக் காய்ச்சுன மொத ஆளு சீவில்லிபுத்தூர்லயே நீதான். உங்கத்தாவுக்குத் தெரிஞ்சா அந்தக் கண்ணாடிக் கொழாய உன் தலையிலயே ஒடைப்பாரு.

நூர்பானு: கழுவித்தான் வச்சேன்.

சந்தனம்: நல்லாக் கழுவுன. சரி, வலிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுச்சு? இவன் கத்தவே இல்லைன்னியே.

நூர்பானு: கத்துறதில்லதான். எப்பவும் ஜன்னல் மேல தாவி ஏறுவான். ஏறுறத விட்டுட்டான். கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருவான். நடந்தா பின்னங்கால் பூராவும் தரையில படியும், குதிகால்ல நடக்குற மாதிரி. முதுகப் பொறவு நக்கவே இல்ல, முடி சடை கட்டிப்போச்சு. தையல் மிஷினுக்குப் பின்னால போயி மொடங்கிக்கிட்டு, கண்ண இடுக்கிக்கிட்டே உக்காந்திருப்பான். இடுப்பத் தொட்டா கடிச்சுருவான். ஒருநாள் மடியில கொர்ர்னு உறுமிக்கிட்டே படுத்திருந்தான். சந்தோசமா இருக்கான்னு நெனச்சேன்.

சந்தனம்: வலிச்சாலும் உறுமும். நாயி ஊரக்கூட்டும். பூனை அப்படி இல்ல. காட்டிக் குடுத்தா இன்னொண்ணு வந்து அடிச்சுரும்னு அதுக்கு ஒரு பயம். ஒளிஞ்சுக்கிரும். எத நிறுத்திச்சு, எதுக்கு நகர மாட்டேங்குதுன்னுதான் பாக்கணும்.

நூர்பானு: நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். ஜன்னலுக்குக் கீழ ரெண்டு செங்கல்லப் படி மாதிரி போட்டேன். சாக்க மடிச்சு மெத்தை. தண்ணியும் மண்ணுத்தட்டும் பக்கத்துலயே. அம்மாவோட வலி மாத்திரையில அரைய நுணுக்கிக் குடுக்கலாம்னு மொதல்ல நெனச்சேன், நீங்க வேண்டாம்னதால...

சந்தனம்: குடுத்திருந்தா அன்னிக்கே போயிருப்பான். மனுச மாத்திரை பூனைக்கு வெசம். சர்க்கரைய இறக்குனாத்தான் இந்தக் காலு வலி அடங்கும்... ஏ, பாரு பாரு! காத ஆட்டுறான்.

நூர்பானு: துரை! ஏ துரை! எங்கிட்டுப் பாக்குற... இங்க பாரு...

சந்தனம்: தொரை எந்திரிச்சுட்டாரு. அந்தா அலமாரியில பால்கோவா பொட்டலம் இருக்கு, எடு. எங்க மாட்டு டாக்டருக்குன்னு வாங்கி வச்சேன். நாளைக்கு வெறுங்கையோட அவரப் பாக்க ராஜபாளையம் போறேன், வேறென்ன.

நூர்பானு: நக்குறான்! அண்ணே, நக்குறான்!

சந்தனம்: கொஞ்சம் கொஞ்சமாக் குடு. கால் மணிக்கு ஒருக்க. மருந்து வேகம் சாயங்காலம் வரைக்கும் இருக்கும், திரும்ப இழுத்தாலும் இழுக்கும்... ஆமா, ரெண்டு யூனிட்டுக்கு இம்புட்டுத் தூரம் எறங்காதே. எம்புட்டுப் போட்ட?

நூர்பானு: ...நாலு.

சந்தனம்: நாலா? யாரக் கேட்டு?

நூர்பானு: மொத ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. செங்கல் மேல ஏறுனான், முதுக நக்குனான். பொறவு திரும்ப அதே மாதிரி மிஷினுக்குப் பின்னால... நீல மருந்தும் திரும்பச் செங்கலாச்சு. ரெண்டு கேக்கலைன்னு ஒரு வாரமா நாலாக்குனேன். நேத்து வரைக்கும் ஒண்ணும் ஆகலியே!

சந்தனம்: நேத்து வரைக்கும் ஆகல. இன்னிக்கு என்ன மாத்துன?

நூர்பானு: ஒண்ணுமில்ல... புது பாட்டில் ஒடைச்சோம்.

சந்தனம்: ஒடைச்சோமா? பூனைக்குத் தனியா அத்தா வாங்கித் தாராருன்னுல சொன்ன?

நூர்பானு: பூனைக்கு யாரு வாங்கித் தருவா? அம்மா பாட்டில்லதான் எடுத்தேன். தண்ணிப்பானை மேல ஈரத்துணியில சுத்தி வச்சிருப்போம்ல, அதுல.

சந்தனம்: கொறையிறது தெரிஞ்சிருக்குமே. உங்கத்தா கடையில ஆணியக்கூட எண்ணி விக்கிற மனுசன்.

நூர்பானு: பாட்டில் ஒரு மாசம் வரணும்னு அவுகளுக்குக் கணக்கு. அதான்... நான் உறிஞ்சுற அளவுக்கு... காய்ச்சி ஆறுன தண்ணிய...

சந்தனம்: தண்ணிய?

நூர்பானு: திரும்ப உள்ள ஏத்துனேன். தெனமும்.

சந்தனம்: அடிப் பாவி. ஒரு மாசமாவா?

நூர்பானு: கடைசிப் பக்கம் பாதிக்குப் பாதி தண்ணியாத்தான் இருந்திருக்கும்னு இப்பத்தான் தோணுது. ரெண்டு சொட்டுத் தண்ணிதானன்னு நெனச்சேண்ணே. இவன் கண்ண இடுக்கிக்கிட்டுக் கெடக்குறதப் பாக்க முடியல...

சந்தனம்: உங்கம்மா எப்படி இருக்காக?

நூர்பானு: நல்லாத்தான் இருக்காக. ஒண்ணுமே சொல்லலியே.

சந்தனம்: சொல்லலைன்னா?

நூர்பானு: ...மாடிக்கு ஏறுறதில்ல. ரெண்டு வாரமா துணி காயப்போட என்னையத்தான் அனுப்புறாக. படிக்கிட்ட நின்னு அண்ணாந்து பாத்துட்டு, நீ போயிட்டு வா தாயின்னுருவாக. தையல் மிஷின்ல உக்கார்றதில்ல, காலு எரியுதுன்னு ஒருவாட்டி மட்டும் சொன்னாக. தலை சீவக்கூட... அண்ணே...

சந்தனம்: இரு. அழுகுறத நிறுத்து. டாக்டர்கிட்டப் போனாகளா?

நூர்பானு: போன வாரம் போனாக. சர்க்கரை ஏறிப்போச்சுன்னு பன்னெண்ட இருவதாக்கிட்டாரு.

சந்தனம்: தண்ணி மருந்துக்கு இருவது. இன்னிக்குப் புது பாட்டில், கலப்பில்லாத மருந்து. இன்னிக்கு ஊசி போட்டாகளா, போடலியா?

நூர்பானு: போட்டாச்சு. ஏழு மணிக்கு.

சந்தனம்: தின்னாகளா?

நூர்பானு: ஒரு இட்லி. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாக. ஆலங்குளத்துல சின்னத்தா மக கல்யாணம். அத்தாவும் அம்மாவும் போயிருக்காக. டியூசன்ல பரிட்சைன்னு பொய் சொல்லி நான் நின்னுட்டேன், இவனுக்காக.

சந்தனம்: மணி பதினொன்னேகால். அங்க சாப்பாடு எப்ப?

நூர்பானு: மொத பந்தி, ரெண்டாம் பந்தி ஆம்பளைகளுக்கு. பொம்பளைப் பந்தி ரெண்டு மணிக்கு மேலதான். அம்மா பொண்ணு வீட்டு ஆளு, எல்லாரும் தின்ன பொறவுதான் உக்காருவாக. பசிக்குதுன்னு வாயத் தொறந்து கேக்க மாட்டாகண்ணே. மயக்கம் வந்தாலும் ஒரு மூலையில போயி உக்காந்துக்கிருவாக.

சந்தனம்: அங்க போன் இருக்கா?

நூர்பானு: ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல கல்யாணம். நம்பர் தெரியாது.

சந்தனம்: பக்கத்து வீட்டு மாரிச்சாமி மொபெட்டு வாசல்லதான் நிக்கிது. சாவி வாங்கிட்டு வாரேன். வீட்டடையாளம் உனக்குத்தான் தெரியும், நீயும் வா. சீனிய ஒரு தாள்ல கட்டிக்க. கூடைய மடியில வச்சுக்க, வழியில இவனுக்கும் தேய்க்கணும்.

நூர்பானு: அத்தா கேப்பாகளே. என்னன்னு சொல்ல?

சந்தனம்: மொதல்ல அம்மா வாயில சீனியப் போடு. பொறவு சொல்லு. நானும் நிப்பேன். அடி விழுந்தா ரெண்டு பேருக்கும் விழட்டும்.

நூர்பானு: உங்களுக்கு எதுக்கு? நீங்க மாட்டு டாக்டரக் கேட்டுத்தான சொன்னீக.

சந்தனம்: கேட்டேன். பூனைக்கு இன்சுலினா, ஒரே ஊசியா போட்டுப் பொதைச்சுருன்னு சொல்லிட்டாரு. நீ வாசல்ல நின்னுக்கிட்டு இருந்த. எனக்கு மனசு வரல. நாய்க்குப் போடுறதுல பாதியிலும் பாதின்னு ரெண்டு யூனிட்ட நானாத்தான் சொன்னேன். ஏறு... என்னட்டி, ஏறாம நிக்கிற?

நூர்பானு: ஊசிய அம்மா போடல. கை நடுங்குது, நீயே ஏத்திப் போட்டு விடு தாயின்னாக. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, காத்துக்குமிழி இல்லாம, சரியா இருவது எடுத்து நாந்தாம்ணே போட்டேன். உன் கை பட்டா வலிக்கவே இல்லட்டின்னு சிரிச்சுட்டுப் போனாக... அண்ணே, அம்மா இந்நேரம் ஏதாச்சும் தின்னுருப்பாகளா?