தலையில்லாத காலணா

— அந்தக் கயித்தை இப்படிக் குடுங்கக்கா. கெணத்துல வீசிப்போட்டு மறுசோலி பாக்கறேன்.

— ஏன் சாமி, வெள்ளகோவில்ல எங்க ஊட்டுல இருந்த ஐயன் பொட்டியில இதை எடுத்து, பஸ்ஸு மாறி மாறிக் கொண்டாந்திருக்கறேன். கெணத்துல போடறதுக்கா?

— நாளைக்கு என்னன்னு தெரியுமல்லங்க? சுதந்திரம் வந்து அம்பது வருசம். பள்ளிக்கூடத்துல நம்மளப் பெத்த ஐயன் படத்தைத் தொறக்கறாங்க. "வெள்ளைக்கார ராசா தலை போட்ட காசைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்த சென்னியப்பக் கவுண்டர்"னு கல்லுலயே வெட்டி வெச்சிருக்கறாங்க.

— வெட்டட்டும். நெசந்தான?

— நெசமுங்களா? அவரு பொட்டிக்குள்ள அரணாக்கயிறு. அதுல கோத்தது வெள்ளைக்காரன் காலணா! கையிலதான் தொடல, இடுப்புல கட்டிக்கிட்டாருன்னு நஞ்சுண்டன் சிரிப்பானுங்க.

— எந்த நஞ்சுண்டன்? நம்ம பங்காளி, அந்த வரப்புச் சண்டைக்காரனா?

— அவனேதானுங்க. நாளைக்கு மொத வரிசையில வந்து உக்காருவான்.

— ஆறுச்சாமி, நான் சொல்றதைக் கொஞ்சம்...

— நீங்க பேசாதீங்கக்கா. சொன்ன சொல்லு மாறாத குடும்பமுங்க இது. இனி படமும் வேண்டாம், கல்லும் வேண்டாம்னு நானே போய்ச் சொல்லிப்போடறேன். பொய்யிக்கு மாலை போட்டுக் கும்புட நான் ஆளில்லீங்க.

— பொறந்ததுல இருந்து இதே வீம்பு. மொதல்ல கண்ணாடியப் போடு.

— எதுக்குங்க?

— போடு சாமி. அந்தக் காசுல ராசா எங்க இருக்கறான்னு காட்டு.

— இதா, மேல கிரீடம். வருசம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து மூணு. திருப்புனா எலை எலையா ஒரு வளையம். நடுவுல ஓட்டை.

— தலை?

— தலை... அக்கா, தலையக் காணமுங்க!

— எப்படி இருக்கும்? உலகச் சண்டைக் காலத்துல செம்பு பத்தாம வெள்ளைக்காரன் நடுவை வெட்டிப்போட்டுத்தான் காசே அடிச்சான். தலைக்கு எடமேது?

— அட! கிரீடம் நிக்குது, அதுக்குக் கீழ வெறும் ஓட்டை! என்ற வவுத்துல பாலை வார்த்தீங்கக்கா. நஞ்சுண்டன் வரட்டும், நானே அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டறேன்.

— ஓட்டைக் காலணான்னு ஊரே கேலி பேசுச்சு. மில்லுல அதைப் போல்ட்டுக்கு வாஷராட்டம் மாட்டுனாங்க. ஐயன் மட்டும் உள்ளங்கையில வெச்சுச் சிரிச்சாரு.

— சிரிச்சுட்டு இடுப்புல கட்டிக்கிட்டாருங்களா?

— கயித்தைப் பிரிச்சு அளந்துதான் பாரேன். ஐயனுக்கு என்ன ஈர்க்குச்சி இடுப்பா?

— ஒரு முழங்கூட வராதுங்களே. அப்ப இது யாரோடதுங்க?

— உன்னோடது. கொழந்தைக்குக் காசு கோத்துக் கட்டோணும்னு ஆத்தா அழுதா. ராசா தலையை எம்பையன் இடுப்புல கட்டமாட்டேன்னு ஐயன் உன்னை வெறும் இடுப்போட உட்டிருந்தாரு. இந்தக் காசு வந்தன்னைக்கு அவரே கோத்து, அவரே கட்டுனாரு. கட்டிப்போட்டு உன்ற காதுல சொன்னாரு: "தலை போயிருச்சு கண்ணு. கிரீடம் கீழ உழுகறப்ப நீ நடந்து போய்ப் பாத்துக்கோ."