மிஸஸ் டூலியின் சரியான விடை

தொலைக்காட்சியில் எல்லோரும் கொஞ்சம் பருமனாகத்தான் தெரிவார்கள். அதனால் விளம்பரத்தில் நான் போடுகிற வெள்ளி மினுமினுப்புக் கோட்டை ஒரு அளவு சிறியதாகவே தைக்கச் சொன்னேன். மூச்சுவிடச் சிரமமாக இருக்கும், ஆனால் படத்தில் நன்றாக இருக்கும்.

எங்கள் ஊரான யங்ஸ்டவுனின் தொலைக்காட்சி நிலையம் தன் பழைய விளம்பரங்களைப் பற்றி ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறது. என் தம்பி ரூடியைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அவன் மனைவி ஆர்லீன் போன வசந்தத்தில் காலமாகிவிட்டாள். இனி எதையும் விட்டுவிட்டு எழுத வேண்டிய அவசியமில்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் தங்கள் தொலைக்காட்சி விளம்பரங்களில் பரிசுப் போட்டி நடத்துகிறவர்களாக மாறியிருந்தார்கள். கார் விற்பவர் மூன்று மூடிய கதவுகள் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். சோபா கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுழற்றினார். அப்பா விட்டுப்போன கம்பளக் கடைக்கு நானும் ஒரு போட்டியை உருவாக்கினேன். அதில் ஒரே கேள்விதான்: "இந்தக் கம்பளம் சதுர கெஜம் என்ன விலை?" கேட்பவன் நான், நீண்ட மெல்லிய மைக்குடன். போட்டியாளர் மிஸஸ் டூலி. அதாவது சுருள் பொய்முடியும் கைப்பையுமாக என் தம்பி ரூடி. டூலி எப்போதும் மிக அதிக விலை சொல்வாள். லாரி ஹாரன் அலறும். கிடங்கு ஆட்கள் இருவர் அவளைக் கம்பளத்தில் சுருட்டித் தோளில் தூக்கிப் போவார்கள். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். "இவ்ளோ மலிவா? ஐயோ, நம்ப முடியலையே!" என்று கீச்சுக்குரலில் கத்திக்கொண்டே போவாள். நான் கேமராவைப் பார்த்து, "விடை தெரியாவிட்டாலும் வாருங்கள், பெட்ராக் கம்பளக் கடைக்கு" என்பேன். ஞாயிறு மத்தியானம் மல்யுத்தத்துக்கு நடுவில் ஒளிபரப்பாகும்.

முதல் வருடம் ஒருமுறை கம்பளத்துக்குள் இருந்தபோது ரூடிக்கு மூச்சு முட்டியது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அன்று நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். டூலியின் குரலில் கத்தினால் அது நடிப்பு. தன் சொந்தக் குரலில் பேசினால் உடனே பிரித்துவிட வேண்டும். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு குறைந்துவிடும் என்று ரூடிதான் சொன்னான்.

டூலியை ஊர் மிகவும் நேசித்தது. தேவாலயத்தின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் பரிமாறிய ஒரு பெண்மணி ரூடியைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ, டூலி! கைப்பை எங்க? வீட்லயே விட்டுட்டு வந்தீங்களா?"

"புருஷன் தூக்கிட்டு ஓடிட்டான்ம்மா," என்றான் ரூடி கீச்சுக்குரலில்.

சிரித்து முடித்து என்னைப் பார்த்தாள். "நீங்க யாரு? ஆங், அந்த மைக் பிடிக்கிறவரா?"

ரூடியின் தட்டில் இன்னும் இரண்டு பீரோகிக் கொழுக்கட்டை வைத்தாள். எனக்கு அதில் வருத்தமில்லை. பீரோகி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

கடைசிப் படப்பிடிப்புக்கு முந்தைய நாள், கடையை மூடும் நேரத்தில் ரூடி என்னிடம் வந்தான்.

"லென்னி, கோவிச்சுக்காத. இதுக்கப்புறம் போட்டி வேணாம்னு வெண்டெல் சொல்றான்." வெண்டெல் நிலையத்தின் கேமராக்காரர்.

"போட்டி இல்லாம டூலி எதுக்கு?"

"டூலி தனியா அவ வீட்ல உக்காந்து பேசுவா. அதான் எடுபடும்கிறான்."

"அப்ப நான்?"

"நீ கடையப் பாரு. யாராவது பாக்கணும்ல?" பிறகு என் தோளில் தட்டினான். "அட, மூஞ்சியப் பாரு! மைக்கப் பிடிக்க ஆளு எதுக்குடா, ஒரு ஸ்டாண்டு போதாதா?"

நானும் சிரித்தேன். அது நல்ல நகைச்சுவை. அவன் போன பிறகு கிடங்குக்குப் போய், மறுநாளைக்கான கம்பளத்தை மாற்றி வைத்தேன். வழக்கமாக எடுப்பது மெல்லிய ரகம். நான் எடுத்து வைத்தது அடியில் ரப்பர் ஒட்டிய கனமான ரகம். படத்தில் அதன் நிறம் நன்றாக விழும்.

காலையில் கடை திறக்கும் முன்பே விளக்குகளைப் போட்டார்கள். நான் கேள்வியை ஆரம்பித்தேன். டூலி கைப்பையைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "ஒன்பது டாலர்" என்றாள்.

அதுதான் விலை. இத்தனை வருடங்களில் அவள் சரியாகச் சொன்னதே இல்லை. கிடங்கு ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெண்டெல் சிரித்ததில் கேமரா ஆடியது. சரியான விடைக்கு என்னிடம் வசனம் இல்லை. அது ரூடிக்குத் தெரியும். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"தவறு" என்றேன். ஹாரனை நானே அழுத்தினேன்.

இந்தமுறை தலையும் உள்ளே போகட்டும், சிரிப்பு கூடும் என்று ஆட்களிடம் சொன்னேன். நானும் ஒரு கை கொடுத்தேன். வீடுகளுக்குக் கம்பளம் அனுப்பும்போது கட்டுகிற நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, எனக்குப் பின்னால் தரையில் கிடத்தினோம். தூக்கிப் போகும் காட்சியைக் கடைசியில் எடுக்கலாம் என்றேன்.

நான் கேமராவைப் பார்த்து வழக்கமான கடைசி வரியைச் சொன்னேன். பின்னாலிருந்து டூலி கீச்சிட்டாள். பிறகு ரூடி பேசினான். "லென்னி. லென்னி, பிரிச்சு விடு."

"இது புதுசா இருக்கே!" என்று வெண்டெல் சிரித்தார்.

"என் உச்சரிப்பு சரியில்லை. இன்னொரு தடவை எடுப்போம்" என்றேன்.

இன்னொரு தடவை எடுத்தோம். அது நன்றாக வந்தது என்றார் வெண்டெல். எனக்குத் திருப்தியில்லை. டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பின்னால் சத்தம் குறைந்துகொண்டே வந்ததால், என் குரல் தெளிவாகப் பதிவாயிற்று. கடைசியாக எடுத்ததில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. என் வாழ்நாளில் நான் அந்த வரியை அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

பிரித்துப் பார்த்தபோது முதலில் அழுதவன் நான்தான். அது பொய்யழுகை இல்லை.

விசாரிக்க வந்த அதிகாரி ஒளிநாடாவைப் போட்டுப் பார்த்தார். டூலி கண்ணாடியை மாட்டுகிற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் மன்னிப்புக் கேட்டார். விபத்து என்று எழுதினார்கள். ஆர்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க முன்னாடியே நடந்திருக்கே லென், நீங்க எப்படித் தாங்கிக்கிறீங்க?" என்றாள். அதன்பின் இத்தனை வருடங்களும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு என்னை ரூடியின் நாற்காலியில் உட்காரவைத்தாள். மறுத்தால் அவள் மனம் நோகும் என்று உட்கார்ந்தேன்.

தம்பியை நான் கொன்றேன். இதை மலரில் போடுவதா வேண்டாமா என்பதை ஆசிரியர் குழு முடிவு செய்யட்டும். ஒன்றை மட்டும் திருத்தாமல் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று நான் அநியாயமாகத் தீர்ப்புச் சொன்னதாக யாரும் நினைக்கக் கூடாது. ரூடி சொன்ன விலை சரிதான். ஆனால் நான் கேள்வியை முடிப்பதற்குள் சொல்லிவிட்டான். எந்தப் போட்டியிலும் அது செல்லாது.