ஒரு புகார்கூட வராத குரல்தேர்வு

கச்சேரி கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. அரை மணி நேரத்துக்கு மேல் யார் பாடினாலும் கால் மரத்துப்போகும். ஆனால் பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் பாருங்கள், அந்த முதல் சுற்று, அதற்கு ஒரு வாரம் சோறு தண்ணீர் இல்லாமல் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். கை நடுங்க ஒருவன் வந்து நிற்பான். தொண்டையைச் செருமுவான். வாயைத் திறக்கப் போகும் அந்த ஒரு நொடியில் அவனுக்குள் ஒரு சிங்கம் இருக்கிறதா, ஓட்டை வாளி இருக்கிறதா என்று கடவுளுக்கே தெரியாது. அந்த நொடிக்கு நான் அடிமை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் புதுச் செயலாளர் ஜெயினுலாப்தீன், தாராவியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தம்பி, போன வாரம் செம்பூருக்கு என் வீடு தேடி வந்தார். ஆண்டு விழாவில் என்னைக் கௌரவிக்கப் போகிறார்களாம்.

"எட்டு வருசமா குரல்தேர்வு நடத்துதீய. ஒரு கம்ப்ளைண்டு உண்டா? அது எப்படின்னு விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்க மாமா," என்றார்.

எப்படி என்று எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. விளம்பரம் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டு இடம் பண்ணிக்கொள்ளட்டும்.

என் பெயர் வானமாமலை. ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து அறுபது வயதில் ஓய்வு பெற்றவன். அத்தனை வருஷத்தில் என் கையில் காணாமல் போனது ஓர் ஆடு மட்டும்தான். அதுவும் நாலாம் நாள் தானாகத் திரும்பி வந்து தராசில் ஏறி நின்றது.

போட்டி தொடங்கிய முதல் வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், நீதிபதிகள் மூன்று பேரும் பாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே மார்க் போட்டார்கள். மாதுங்கா முழுக்க அவர்களுடைய அக்கா பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அன்று நடந்த சண்டையின் சத்தம் காட்கோபர் வரைக்கும் கேட்டது என்பார்கள். நான் அதற்கும் அப்பால் தேவ்நார் வரைக்கும் என்பேன்.

அடுத்த வருஷம் ஒரு நாடகத் திரையைக் கட்டினார்கள். அரண்மனை வரைந்த திரை. நீதிபதிகள் அரண்மனைக்குப் பின்னால், பாடுகிறவர் முன்னால். பெயர் கிடையாது, நம்பர் மட்டும். அந்த நம்பரும் பாடுகிறவருக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் நீதிபதி மாமாவிடம் போய்ச் சொல்லிவிடுவார்களே. ஆக, எந்த நம்பர் யார் என்று உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளுக்கு மனைவி மக்கள் இருக்கக் கூடாது, பாடுகிற சொந்தக்காரர் இருக்கக் கூடாது, சுருதியும் தெரிந்திருக்கக் கூடாது. சங்கம் சல்லடை போட்டுத் தேடி என்னைக் கண்டுபிடித்தது.

வேலை எளிது. பாடுகிறவர் வந்து நின்றதும் ஒரு சீட்டில் நம்பர் எழுதித் திரைக்கு அடியில் தள்ளுவேன். மணி அடிப்பேன். இரண்டு நிமிஷம் ஆனதும் மறுபடி மணி. என் நோட்டில் நம்பருக்கு நேரே பெயரை எழுதிக்கொள்வேன். மத்தியானம் நீதிபதிகள் ஜெயித்த நம்பரைச் சொல்வார்கள், நான் நோட்டைப் பார்த்துப் பெயரை அறிவிப்பேன். ஜெயித்தவருக்குச் சங்க விழா மேடை. அங்கே சென்னையிலிருந்து ஒரு சினிமா இசையமைப்பாளர் வந்து கேட்பார். பிடித்தால் கூட்டிப் போவார்.

அறுபத்திரண்டில் ஜெயித்தவன் காசிராஜன். என்ன குரல். அவன் மூச்சு இழுத்தால் ஜன்னல் கதவு அவன் பக்கம் சாயும். கூட்டிப் போனார்கள். அடுத்த தீபாவளிக்கு அவன் பாடிய படம் வந்தது. நாலு தடவை பார்த்தேன். முப்பது பேர் சேர்ந்து 'ஆ' என்று ஒரு கோரஸ். அதில் எந்த 'ஆ' எங்கள் காசிராஜன் என்று படம் எடுத்தவனாலும் சொல்ல முடியாது. தேர்வானவர்களுக்கு என்ன நடக்கிறது என்று எனக்கு அன்று தெரிந்தது. அவர்கள் போய்விடுகிறார்கள். தோற்றவர்கள்தான் அடுத்த வருஷமும் வருகிறார்கள்.

இந்த ஞானம் வந்த பத்தாவது நாள் ஆறுமுகத்தாய் வந்தாள்.

தாராவிப் பெண். பத்தொன்பது வயது. வீட்டிலிருந்தே சட்டைக் காலர் தைப்பவள். அண்ணன் கணேசபாண்டியன், லேத் பட்டறை ஃபிட்டர், கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு முருகன் பாட்டை எடுத்தாள்.

நான் மிகைப்படுத்துகிறவன் என்று சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். தலைமை நீதிபதி வித்வானுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து விடாத இருமல், அன்றைக்கு நின்றது. கேன்டீன்காரர் வடையைச் சட்டியில் கருகவிட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு நீதிபதி நூற்றுக்கு நூற்றைந்து போட்டார். வித்வான் திரைக்குப் பின்னாலிருந்து, "இன்னொரு தரம் பாடச் சொல்லுங்கோ," என்றார். அது விதிக்குப் புறம்பு. நான் மணி அடித்துவிட்டேன்.

மாடிப்படியில் கணேசபாண்டியன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நாலு வருசம் டைம் கேட்டிருக்கா அண்ணாச்சி. அதுக்குள்ள ஜெயிச்சு மெட்ராஸ் போனா போறா. இல்லன்னா நான் பாக்குத மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும். பேச்சு பக்கா. எனக்குப் பாட்டுலாம் தெரியாது. பாடுவாளா இவ?"

"பார்க்கலாம் தம்பி," என்றேன்.

அவனுக்குப் பின்னால் நின்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸ் என்ற வார்த்தைக்கு மட்டும் அவள் கண் ஒரு தடவை சிமிட்டியது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்த வருஷமே எடுத்துவிட்டால் அந்தக் குரலை நான் கேட்டது ஒரு தடவை. பிறகு அவள் முப்பத்தோராவது 'ஆ'. எடுக்காவிட்டால் இன்னும் மூன்று தடவை வருவாள், அதே நடுக்கத்தோடு, என்னிடமிருந்து ஆறடி தூரத்தில். அவளுடைய நம்பர் பதினாலு. பதினாலுக்கு நேரே, அவளுக்கு முன்னால் பாடிய வெங்கடேஸ்வரன் பெயரையும், அவர் நம்பருக்கு நேரே அவள் பெயரையும் எழுதினேன். பேனா நன்றாகவே எழுதியது.

வெங்கடேஸ்வரன் மாதுங்காவில் பேங்க் குமாஸ்தா. முதல் பரிசு என்றதும் அவர் திரும்பி, வேறு யார் வெங்கடேஸ்வரன் என்று தேடினார். "குளிக்கறச்சே பாட வேண்டாம்னு நான்தான் பதினஞ்சு வருஷமா தடுத்துண்டிருந்தேன், எவ்வளவு பெரிய பாவம்," என்று அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். விழாவில் அவர் பாடியபோது கிங்ஸ் சர்க்கிள் புறாக்கள் சயானுக்குக் குடிபோயின. சென்னை விருந்தாளி காதைத் தடவிக்கொண்டார். வித்வான் மட்டும் அசையவில்லை. "திரைக்குப் பின்னால் பொம்மனாட்டி குரலாட்டம் தேவகானமா இருந்தது. மைக் பயம், வேறொண்ணுமில்லை," என்றார். தன் காதில் விழுந்தது வேறு யாரோ என்று சொன்னால் தான் போட்ட கையெழுத்து என்னாவது? நோட்டைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் காட்டியிருப்பேன். நான் பொய் சொல்கிறவன் அல்ல.

எடுபடாதவர்களுக்கு ஆறுதல் சொல்வதும் என் பொறுப்பு.

"என்ன குத்தம் சொன்னாவ அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஆறுமுகத்தாய்.

குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியுமா? மேல் ஸ்தாயியில் குரல் மெலிகிறது என்றேன். மேல் ஸ்தாயி எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு வருஷம் அவள் ரயில் பாதை ஓரம் போய் நின்று, லோக்கல் வண்டி கடக்கும்போது அதற்கு மேலே பாடிப் பழகினாள் என்று அண்ணன் சொன்னான். அறுபத்துநாலில் வந்தாள். குரல் அரபிக்கடல் மாதிரி வந்தது. இப்போது சத்தம் அதிகம் என்று வித்வான் நினைக்கிறார் என்றேன். மறு வருஷம் அதைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள், மயிலிறகால் முதுகில் தடவுகிற மாதிரி இருந்தது. உச்சரிப்பு போதாது என்றேன். பாவம், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தினமும் கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாளாம். ஒரு ராணுவம்கூட இவ்வளவு கட்டளைக்குப் பணிந்திருக்காது. தோற்கத் தோற்க அந்தக் குரலில் ஒரு துக்கம் ஊறியது. அதை நான் ஊட்டினேன் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வேறு யாரும் ஊட்டவில்லை.

அந்த இரண்டு வருஷமும் முதல் பரிசை யார் யாரோ வாங்கிப் போனார்கள். அவர்களும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

நாலாவது வருஷம் நியாயமாக அவள் பெயரையே எழுதிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த வருஷம் சென்னை இசையமைப்பாளரே திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார். ஆறுமுகத்தாய் பாடி முடித்ததும் நான் மணி அடிக்க மறந்தேன். அவள் வெளியே போய்விட்டாள். பிறகு அவர் குரல் வந்தது: "இந்த நம்பரை இன்னிக்கு ரயில்லயே கூட்டிட்டுப் போறேன். கோரஸ் இல்லை. தனிப்பாட்டு."

தனிப்பாட்டு. அப்படியானால் அவள் ஊருக்கே பாடுவாள். டீக்கடைக்காரனும் கேட்பான், ரிக்‌ஷாக்காரனும் கேட்பான். எனக்கென்று என்ன இருக்கும்? அதோடு மெட்ராஸ் ஒன்றரை நாள் ரயில். தாராவி இரண்டு பஸ். நோட்டைத் திறந்து ரஹ்மத்துல்லா பெயரை எழுதினேன். துறைமுகத்தில் குமாஸ்தா, தங்கமான மனிதர், பாடினால் கப்பல் புறப்படுகிறதா என்று ஆட்கள் எட்டிப்பார்ப்பார்கள். ஆணுக்கு இப்படியொரு பெண் குரலா என்று வியந்து அவரைத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வித்வான் விளக்கம் சொன்னார்.

அன்று படியில் ஆறுமுகத்தாய் குற்றம் என்ன என்று கேட்கவில்லை. "இதோட முடிஞ்சது அண்ணாச்சி. நிசத்தச் சொல்லுங்க. என் குரல்ல ஒண்ணுமே இல்லையா?"

கணேசபாண்டியன் பக்கத்தில் நின்றான். "சொல்லிருங்க அண்ணாச்சி. மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு அவ கல்யாணம் கட்டக் கூடாது."

இருக்கிறது என்றால், பின்னே ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். பிறகு நோட்டு, விசாரணை, சங்கத்தின் மானம். சங்கத்தின் மானத்தை நினைத்துத்தான் சொன்னேன்: "சுமார்தான், தாயி."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. வகுப்பில் விடை சரியா என்று கேட்டுவிட்டு உட்காரும் பிள்ளை மாதிரி படியிறங்கிப் போனாள்.

மாப்பிள்ளை வெயிலுமுத்து தாராவியிலேயே இரும்புப் பெட்டி செய்கிறவர். நல்ல மனிதர், பாட்டுப் பைத்தியம். கல்யாணத்துக்கு ரேடியோ வாங்கியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வருஷத்து விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். கல்யாணமானவர்கள் பாடக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. பெயர், வயது எல்லாம் நானே நிரப்பி வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

"நீங்களாவது சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் வெயிலுமுத்து. "ரேடியோல பாட்டு வந்தா பட்டுனு அமத்திருதா. கட்டுன நாள்லேர்ந்து என் காதுல ஒத்தை வரி விழல."

சேலைத் தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. ஆறுமுகத்தாய் தொட்டிலை ஆட்டினாள், தட்டினாள், வாயை மட்டும் திறக்கவில்லை. ஒரு தாலாட்டாவது பாடேன் தாயி என்றேன்.

"எனக்கெங்க அண்ணாச்சி பாட்டு வருது? பச்சப் பிள்ளை காதுல இந்தக் குரல விடுவானேன்னு இருக்கேன்." சிரித்தாள். "எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொன்னாவ. ஏமாத்தாம உண்மையச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

படிவத்தை மடித்து என் பையிலேயே வைத்துவிட்டு டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். குழந்தை அழுது ஓய்ந்து தானாகத் தூங்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஒரு முணுமுணுப்புக்கூட வரவில்லை. அறுபத்து மூன்று வயதில் இரண்டு பஸ் மாறிப் போனவன் நான். நாலு வருஷமாக அவள் குரலை ஊரான் காதில் விழாமல் பொத்திப் பொத்திக் காத்தவனுக்கு ஒரு வரி பாடியிருக்கலாம். இந்தக் கலைஞர்களுக்கு ரசிகனின் அருமை தெரிவதே இல்லை.