நோட்டில் இல்லாத பெயர்

மதிப்பிற்குரிய சேகர குருவானவர் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளே, முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் எங்கள் இல்லத்துப் பெரியவர்களே! உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

என் பெயர் பிரேமலதா. இந்த இளைப்பாறுதல் இல்லத்தில் பதினான்கு வருடங்களாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். போன வியாழக்கிழமை நம்மை விட்டுப் போன நிறுவனர் திருமதி ஞானபாய் அம்மா அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் பார்த்ததும் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

‘ஓய்வறியாத் தாய்’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பேசிய நால்வரும் அதையே சொல்லிப் புகழ்ந்தார்கள். நீங்களும் தலையாட்டினீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, ஐயா! ஓய்வில்லாமல் போனதால்தானே அந்த அம்மா செத்துப்போனார்? அதை எடுத்துப் பூமாலைக்கு மேலே எழுதி வைத்திருக்கிறோமே, நமக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

அம்மா என்ன செய்யவில்லை என்று யாராவது சொல்லட்டும்! கணவர் இறந்த பிறகும் இந்த வீட்டை மூடவில்லை. மகன் ஜெர்சோன் வேலையை விட்டுவிட்டு வந்தார், மருமகள் எஸ்லின் சமையலறையை ஏற்றுக்கொண்டார். இருபத்தேழு பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, அதே பானையில் மிஞ்சியதைத்தான் இந்தக் குடும்பம் சாப்பிடும். அது இந்த வீட்டின் சட்டம். சில நாள் ரசம் மட்டும்தான் மிஞ்சும்.

நாலு வருடத்துக்கு முன்னால் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாடத்தி அம்மா வந்தபோது, இது வேதக்காரர் வீடு, கிறிஸ்தவர்கள் சாமி கும்பிட விடமாட்டார்கள் என்று இரண்டு நாள் வாசலை விட்டு உள்ளே வரவில்லை. ஞானபாய் அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஆடித்தபசுத் திருவிழா அன்று ஆட்டோ வைத்து அவரைக் கோவிலுக்குக் கூட்டிப்போனார். தபசுக் காட்சி முடியும்வரை அந்த நெரிசலில் மாடத்தி அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது இரண்டு காலும் வீங்கியிருந்தன. நான் கேட்டேன்.

“நின்னதுல வந்த வீக்கம் சிஸ்டர். காலைல வடிஞ்சிரும். எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்!”

நானும் விட்டுவிட்டேன். படித்த நர்ஸ் நான்!

இனிச் சொல்லப்போவது என் குற்றம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஜெபம் முடிந்ததும் முன்ஹாலில் எல்லாருக்கும் பிரஷர் பார்ப்போம். அம்மா நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார், நான் கையில் பட்டையைச் சுற்றுவேன். மாடத்தி அம்மாவுக்கு அந்தப் பட்டையைக் கண்டாலே பயம். கை இறுகுகிறது என்று எழுந்துவிடுவார். உடனே ஞானபாய் அம்மா தன் கையை நீட்டுவார்.

“மாடத்திக்கா, இங்கன பாருங்க. மொதல்ல எனக்குச் சுத்துதாங்க. என் கைய என்ன செஞ்சிட்டு? ஒண்ணும் செய்யலல்லா?”

நானும் அம்மா கையில் சுற்றி, சும்மா இரண்டு அழுத்து அழுத்தி, காற்றை இறக்கிவிட்டு, மாடத்தி அம்மாவிடம் போய்விடுவேன். நாலு வருடத் திங்கட்கிழமைகள்! எத்தனை முறை அந்தப் பட்டை அந்தக் கையில் இருந்தது! ஒருமுறை, ஒரே ஒருமுறை, நான் எண்ணைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. நோட்டில் இருபத்தேழு பெயர் இருந்தது. அம்மாவின் பெயர் இல்லை. அவருக்கு எழுபத்தொரு வயது. அந்த நோட்டில் இருப்பவர்களில் ஒன்பது பேர் அவரைவிட இளையவர்கள்.

வியாழக்கிழமை மாடத்தி அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோதே ஞானபாய் அம்மா சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “பல வருஷமா பிரஷர் இருந்திருக்கும் போலிருக்கே, என்ன மாத்திரை எடுத்தாங்க?” ஜெர்சோன் என்னைப் பார்த்தார். நான் எஸ்லினைப் பார்த்தேன்.

பெற்றோரை இங்கே விட்டிருக்கும் வெளியூர்ப் பிள்ளைகளே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடக்கம் முடிந்த அன்றே என்னிடம் ஆறு பேர் கேட்டீர்கள், “இல்லத்தை மூடிருவாங்களா சிஸ்டர்?” என்று. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் “ஜெர்சோன் சாப்பிட்டாரா?” என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? அம்மாவின் வேலையையும் தன் வேலையையும் சேர்த்து ஒரே ஆளாய் இழுத்துக்கொண்டிருக்கிறார். நேற்று மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன தம்பி என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல சிஸ்டர். எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்!”

அதே சொல்! இந்தப் பிள்ளையும் சாய்ந்தால் இல்லம் தானாகவே மூடிக்கொள்ளும். அப்புறம் இந்த இருபத்தேழு பேரும் எங்கே போவார்கள்?

இந்த மாதிரிக் கூட்டங்களில், மறைந்தவர் வழியிலேயே நடப்போம் என்று உறுதி சொல்வது வழக்கம். நான் சொல்லமாட்டேன். அம்மா, உங்கள் வேலையைச் செய்வோம், நீங்கள் செய்த விதத்தில் செய்யமாட்டோம்! இனி எஸ்லின் பெரியவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார். வாரத்துக்கு ஒரு நாள் ஜெர்சோன் இந்தப் பக்கமே வரக்கூடாது. அன்று வந்து நிற்க உங்களில் யார் யார் வருவீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் நான் வாசலில் நின்று கேட்பேன். கேட்காமல் ஒருவரையும் பஸ் ஏற விடமாட்டேன்.

புது நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள்: ஜெர்சோன், எஸ்லின், பிரேமலதா. இந்தப் பையில் பிரஷர் மெஷினும் இருக்கிறது. திங்கட்கிழமை வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஜெர்சோன் தம்பி, எழுந்து இங்கே வாருங்கள். சட்டைக் கையை மடக்குங்கள். மாடத்தி அம்மா, பயப்படாமல் பாருங்கள், இது உங்களுக்காக இல்லை. இந்தத் தடவை நான் எண்ணைப் பார்ப்பேன்.