காத்து நின்ற புரோகிராம்

போர்க்காலத்தில் ஒரு பின்னேரம், வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்: “அண்ணா, எங்கட புரோகிராம் மெதுவா ஓடேல்லை. அது ஓடவே இல்லை, சும்மா நிக்குது.”

அவர் அவளோடு வேலை செய்பவர் போலும். “எப்பிடிச் சொல்லுறீர்? ஒரு மாதமா புரோகிராமின்ர கோட் வரியளைத் திருத்துறமே.”

“ட்ரேஸ் எடுத்துப் பாத்தனான். எந்த இடத்தில நேரம் போகுது எண்டு அதில தெரியும். நாங்கள் ஃபைலைத் திறக்கத் திறக்க, வைரஸ் வராமல் பாக்கிற அந்த வைரஸ் கார்ட் சொஃப்ட்வெயர் மறிச்சுச் சோதிக்குது.”

“சோதிக்கத்தானே வேணும்.”

“ஒருக்காச் சோதிச்சாக் காணாதோ? அதே ஃபைலைத் திரும்பத் திரும்பச் சோதிக்குது. நாளைக்குக் கஸ்டமருக்குக் காட்டேக்கையும் இப்பிடித்தான் நிக்கும்.”

“இது எங்கட ஃபைல், விடு எண்டு அதுக்குச் சொல்ல ஏலாதோ?”

“எங்களுக்கு ஏலாது. ஒஃபிஸ் கொம்பியூட்டருகளைப் பாக்கிற அட்மின் சொன்னாத்தான் விடும்.”

வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டினோம். சிங்களப் பெயர்க்காரர்கள் உடனே ஏறிவிட்டார்கள். முன் சீட்டுக்காரர் இருவரும், தமிழர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் காட்டி, எங்கே போகிறோம் என்று விளக்கிவிட்டுக் கடைசியாக ஏறினார்கள்.

“கதையை எதில விட்டனீர்?” என்று அவர் கேட்டார்.

“திரும்பத் திரும்பச் சோதிக்குது எண்டதில.”

அட்டையை அவள் பைக்குள் வைக்கவில்லை. போகிற வழியில் கோட்டைப் பகுதியில் இன்னொரு சாவடி இருந்தது.